சாலையைக் கடக்க எத்தனை நொடி வேண்டும்?

"மனிதரை மையமாக வைத்த நகர வடிவமைப்பு என்று எல்லோரும் பேசுகிறார்கள். பெஞ்சு போட்டு, பூந்தொட்டி வைத்து, தரைக்கு வண்ணம் அடிப்பதைத் தாண்டி அதில் ஏதாவது இருக்கிறதா? அதனால் ஒரு நகரம் உண்மையிலேயே வாழத் தகுந்ததாகவும் சுற்றுச்சூழலுக்குச் சுமை குறைந்ததாகவும் ஆகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. தெருவின் அகலமும் கட்டடத்தின் முகப்பும் மனிதர்கள் வாழும் விதத்தை மாற்றுமா என்பது ஒன்று. மாற்றும் என்றால், அது எந்த அளவுக்கு நிரூபணமான விஷயம் என்பது இன்னொன்று. தெருக்களையும் சந்திப்புகளையும் வரைவதுதான் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வேலை. முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆமாம் என்பேன். இரண்டாவதற்கு அப்படி ஒரே சொல்லில் பதில் இல்லை. எது உறுதி, எது அரைகுறை என்று போகப் போகச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு சந்திப்பில் பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். சாலையின் அகலம் 14 மீட்டர். மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்றது கையேடு. வகுத்தால் 11.7. முழு எண்ணாக 12 நொடி என்று எழுதிக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து அங்கே போய் நின்று பார்த்தேன். கைத்தடியோடு ஒரு மூதாட்டி, பச்சை விழுந்ததுமே இறங்கியவர், சாலையில் முக்கால் தூரம்கூட வரவில்லை, விளக்கு மாறிவிட்டது. வண்டிகள் உறுமின. அவர் பதறிப்போய் ஓடப் பார்த்தார், ஓட முடியவில்லை. என் கணக்கில் பிழை ஏதும் இல்லை. அந்தக் கணக்கில் அவர்தான் இல்லை. இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களை அளந்து பார்த்தபோது ஆண்களின் சராசரி நடை நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8 என்று வந்தது. 0.8 மீட்டர் வேகத்தில் 14 மீட்டரைக் கடக்க 17.5 நொடி வேண்டும். அந்த ஐந்தரை நொடியைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

மனிதரை மையமாக வைப்பது என்றால் எனக்கு இதுதான். யாருடைய உடம்பை அளவுகோலாக வைத்து இந்த இடத்தை வரைந்தோம் என்ற கேள்வி. பெஞ்சும் பூந்தொட்டியும் அதற்குப் பிறகுதான். நடைமேம்பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "பாதசாரிகளின் பாதுகாப்புக்காக" என்று பலகை வைத்திருப்பார்கள். லாரியும் பேருந்தும் அடியில் போக ஐந்தரை மீட்டராவது உயரம் விட வேண்டும். அப்படியானால் ஏறக்குறைய நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்க வேண்டும். வண்டியில் இருப்பவர் பிரேக்கைக்கூடத் தொட வேண்டியதில்லை; கர்ப்பிணியும் முழங்கால் வலிக்காரரும் மலை ஏற வேண்டும். அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, உறுதியானவற்றிலிருந்து தொடங்குகிறேன். மிக உறுதியானது வேகம் பற்றியது, ஏனென்றால் அது இயற்பியல். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 30 கி.மீ. வேகத்தை 50 ஆக்கினால் வேகம் முக்கால் மடங்குகூட ஏறவில்லை, ஆற்றலோ ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிவிடுகிறது. ஒரு குழந்தை திடீரென்று தெருவில் இறங்குகிறது என்று வையுங்கள். ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும். உலர்ந்த சாலையில், 30-ல் வருகிற கார் சுமார் 13 மீட்டரில் முழுவதுமாக நின்றுவிடும். 50-ல் வருகிற கார் அதே 13 மீட்டரைத் தாண்டும்போது ஓட்டுநரின் கால் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்காது. 2019-ஆம் ஆண்டு முழுக்க ஹெல்சிங்கியின் சாலைகளில் பாதசாரி ஒருவர்கூட இறக்கவில்லை. அதே ஆண்டு ஆஸ்லோவில் நடந்து போனவரோ சைக்கிளில் போனவரோ யாரும் சாகவில்லை. இரண்டு நகரங்களும் பல ஆண்டுகளாக வேகத்தைக் குறைத்து, தெருக்களைக் குறுக்கி, கடக்கும் இடங்களை மாற்றி அமைத்து வந்தவை. கேமராக்களுக்கும் நல்ல பொதுப் போக்குவரத்துக்கும் அதில் பங்கு உண்டு. வடிவமைப்பு மட்டுமே சாதித்தது என்று சொன்னால் அது மிகை.

இதில் ஒரு எச்சரிக்கை. "30-ல் மோதினால் பத்தில் ஒருவர் இறப்பார், 50-ல் பத்தில் எட்டுப் பேர்" என்ற கணக்கைப் பல சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். பழைய தரவுகளில் சிறு காயத்தோடு தப்பியவர்கள் பலர் பதிவாகவே இல்லை, அதனால் சாவு விகிதம் கூடித் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இதைச் சரிசெய்தபோது இரண்டு எண்களும் இறங்கின. வேகம் கூடக்கூட ஆபத்து செங்குத்தாக ஏறும் என்பது மட்டும் மாறவில்லை. அதனால் நான் அந்தச் சதவீதங்களை மேற்கோள் காட்டுவதில்லை.

அடுத்து, கண்ணும் காலும். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது ஓர் எளிய விஷயம். சுமார் 100 மீட்டர் தொலைவில்தான் நகர்வது மனிதர் என்று நமக்குப் புரிபடத் தொடங்குகிறது. 25 மீட்டருக்குள் வந்தால்தான் முகத்தின் உணர்ச்சி தெரிகிறது. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கிறவருக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு வாசலோ சன்னலோ கடையோ எதிர்ப்பட வேண்டும். இல்லாவிட்டால் 200 மீட்டரே ஒரு கி.மீ. போலத் தோன்றும். நீண்ட மதில் சுவர் ஓரமாக ஒருமுறை நடந்து பாருங்கள், புரியும். பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவை மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த விமானம் போல அழகாக இருக்கும். தரையில் நிற்பவருக்கோ ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்கு வெட்டவெளி, நடுவே அகலச் சாலை. வானத்தில் இருப்பவரின் கண்ணுக்கு வரைந்த ஊர் அது. கோபன்ஹேகன் 1962-ல் தன் மையத்திலுள்ள ஸ்ட்ரோயெட் என்ற சுமார் 1.1 கி.மீ. நீளத் தெருவிலிருந்து கார்களை விலக்கியபோது, இந்தக் குளிரில் யார் வெளியே நிற்கப் போகிறார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. மக்கள் வந்தார்கள், நின்றார்கள், உட்கார்ந்தார்கள். கெல் அங்கே நின்று யார் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார். இந்தத் துறையின் அடித்தளமே அந்த எண்ணிக்கைதான் என்று எனக்குத் தோன்றும். கார்களை எண்ண ஒவ்வொரு நகரத்திலும் ஆளும் கருவியும் இருந்தன. மனிதரை எண்ண யாரும் இல்லை. எண்ணப்படாதது திட்டத்திலும் இடம்பெறாது.

பெஞ்சு என்று கொஞ்சம் அலட்சியமாகக் கேட்டிருந்தீர்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1970-களில் வில்லியம் வைட் என்ற நகர ஆய்வாளர் நியூயார்க்கின் பொதுச் சதுக்கங்களைப் படம்பிடித்துக் கூர்ந்து பார்த்தார். சில சதுக்கங்கள் ஏன் நிரம்பி வழிகின்றன, சில ஏன் காலியாகக் கிடக்கின்றன? வெயில் காரணமா, வடிவம் காரணமா, பரப்பளவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு அவர் வந்து சேர்ந்த விடை, உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்பது. சொன்ன பிறகு இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேறா என்று தோன்றும், ஆனால் அதுவரை யாரும் அப்படிக் கட்டவில்லை. 1975-ல் நகரத்தின் கட்டட விதியே அதன்படி மாறியது. நகர்த்தக்கூடிய நாற்காலி போட்டால் மக்கள் உட்காருமுன் அதைச் சில அங்குலமாவது இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் அவர் கவனித்தார். அந்த இடத்தை ஒரு நொடி தனதாக்கிக்கொள்ளும் செயல் அது. எனக்கு மிகவும் பிடித்த கவனிப்பு இது.

இனி பாதி உறுதியானவை. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோல இருந்த மூன்று குடியிருப்புத் தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெரு, 8,000 போகும் தெரு, 16,000 போகும் தெரு. முதல் தெருவில் இருப்பவருக்குத் தெருவுக்குள் சராசரியாக மூன்று நண்பர்கள், கடைசித் தெருவில் ஒருவருக்கும் குறைவு. முதல் தெருக்காரர்களிடம் உங்கள் வீட்டு எல்லை எது என்று வரையச் சொன்னால் தெருவையும் சேர்த்து வரைந்தார்கள். வண்டி மிகுந்த தெருக்காரர்களின் எல்லை வாசலோடு முடிந்தது. படிக்கும்போதே மனதைத் தொடும் ஆய்வுதான். ஆனால் பேட்டி காணப்பட்டவர்கள் மிகச் சிலரே. வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் அமைதியான தெருவைத் தேடிக் குடிபோயிருக்கலாம். அப்படியானால் காரணமும் விளைவும் கலந்துவிடும். பின்னாளில் பிரிஸ்டல் நகரில் இதே முறையில் செய்து பார்த்தபோதும் ஒத்த போக்கே தெரிந்தது. போக்கை நம்புகிறேன், மூன்று நண்பர்கள் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாட மாட்டேன். அந்த ஆப்பிள்யார்ட் 1982-ல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார் என்பதை எப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கும்.

"நடைபாதையை அகலப்படுத்தினால் நெரிசல் அதிகமாகாதா" என்பது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. மூன்று மீட்டர் அகலப் பட்டையில் கார்கள் ஓடினால் நகரத் தெருவில் ஒரு மணி நேரத்தில் சில நூறு பேரிலிருந்து ஆயிரத்தைந்நூறு பேர் வரை போகலாம். அதே அகலம் நடைபாதையாக இருந்தால் பல ஆயிரம் பேர் போகலாம். பேருந்துக்கென ஒதுக்கினாலும் அப்படியே. சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள கேட்டி நெடுஞ்சாலை பெரிய பாடம். 2008-ல் விரிவாக்கம் முடிந்தபோது அதன் சில பகுதிகளில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 வரிசைகள் இருந்தன. 2011-க்கும் 2014-க்கும் இடையில் நெரிசல் நேரப் பயணம் முன்பைவிட நீண்டது. புதிய இடம் புதிய பயணங்களை வரவழைத்தது. இது இன்று போக்குவரத்துத் துறையில் பெரிய சர்ச்சை இல்லாத விஷயம். எவ்வளவு வேகமாக, எவ்வளவு முழுமையாக நிரம்பும் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இப்போது சுற்றுச்சூழல். ஒரு நகரம் எவ்வளவு எரிபொருள் தின்னும் என்பதைத் தீர்மானிப்பதில் தூரத்துக்குப் பெரும் பங்கு. 1990-ல் அட்லாண்டாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர், பார்சிலோனாவில் 28 லட்சம் பேர். அட்லாண்டா பரவிக் கிடந்த நிலம் 4,280 சதுர கி.மீ., பார்சிலோனாவோ 162. முதல் நகரத்தில் பேருந்து நிறுத்தத்தை எல்லோர் வீட்டுக்கும் நடந்து போகும் தூரத்தில் வைக்கவே முடியாது. வைத்தாலும் பேருந்து காலியாக ஓடும். அங்கே மக்கள் காரில் போவதை அவர்களின் சோம்பல் என்பது அநியாயம். வேறு வழி வரையப்படவே இல்லை. அடர்த்தி என்றதும் வானுயர்ந்த கோபுரங்களை நினைத்து மூச்சு முட்டுகிறது பலருக்கு. பாரிஸ் நகரின் உட்பகுதியில் சதுர கி.மீ.க்கு ஏறக்குறைய 20,000 பேர் வாழ்கிறார்கள், பெரும்பாலும் ஆறேழு மாடிக் கட்டடங்களில். பால்கனியிலிருந்து தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுப் பேசும் உயரம் அது. இங்கேயும் ஒரு சந்தேகம் உண்டு. அடர்ந்த நகரத்தில் கார் பயணம் குறைவு என்பது உண்மை, ஆனால் அதில் எவ்வளவு பங்கு நகர வடிவத்துடையது, எவ்வளவு வருமானத்துடையது, எவ்வளவு எரிபொருள் விலையுடையது என்று பிரிப்பது கடினம். ஒரு தெருவை மாற்றினால் இத்தனை டன் கரியமில வாயு குறையும் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் எந்த அனுமானங்களோடு என்று கேளுங்கள்.

மரங்களைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நிழல் தரையின் சூட்டைத் தணிக்கும், இலைகள் நீராவியை விட்டுக் காற்றைக் குளிர்விக்கும். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் திட்ட வரைபடத்தில் பச்சை வட்டம் போடுவது எளிது, அடியில் மண் விடுவது கடினம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி, சுற்றிலும் காங்கிரீட், கீழே குழாய்களும் கேபிள்களும். வேர் எங்கே போகும்? இப்படி நட்ட மரங்கள் சில ஆண்டுகளில் கருகுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மரம் வேண்டுமென்றால் முதலில் மண்ணை வரைய வேண்டும். அப்புறம் நீர் ஊற்ற ஒருவரை ஐந்தாண்டுக்காவது நியமிக்க வேண்டும். திறப்பு விழாவோடு பணம் தீர்ந்துவிடும் திட்டங்கள்தான் அதிகம்.

மனிதர் என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. எந்த மனிதர்? வியன்னாவில் 1990-களில் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு பெரிய கம்பிவேலி ஆடுகளம். அதைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் விலகிப் போனார்கள். யாரும் யாரையும் தடை செய்யவில்லை, இடத்தின் வடிவமே தடுத்தது. பூங்காவைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வேறு விளையாட்டுகளுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு அவர்கள் திரும்ப வந்தார்கள். இதற்கு எதிரான படிப்பினையும் உண்டு. நடைபாதையின் விளிம்பை எடுத்துவிட்டு, வண்டியும் மனிதரும் ஒரே தளத்தில் பகிர்ந்துகொள்ளும் தெருக்களை ஒரு காலத்தில் எங்கள் துறை கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். பார்வையற்றவர் கைத்தடியால் அந்த விளிம்பைத் தட்டித்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அறிகிறார். விளிம்பு போனால் அவருக்குத் தெருவே போய்விடுகிறது. பார்வையற்றோரின் எதிர்ப்புக்குப் பிறகு 2018-ல் பிரிட்டன் அரசு இப்படிப்பட்ட புதிய திட்டங்களை நிறுத்திவைக்கச் சொன்னது. பார்வையற்றவர் காலாலும் கைத்தடியாலும் உணர்ந்து வழி அறிவதற்காக, ஜப்பானில் செயிச்சி மியாகே 1965-ல் உருவாக்கி, 1967-ல் ஒகாயாமாவில் முதலில் பதித்த புடைப்புக் கற்களை இன்று உலகெங்கும் ரயில் நிலையங்களில் மிதிக்கிறோம். அழகுக்காக அவற்றைப் பெயர்த்துவிடும் கட்டடக் கலைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாடகைதான் எனக்கு விடை தெரியாத இடம். தெரு நன்றாக ஆனால் அதன் மதிப்பு ஏறுகிறது, ஏறினால் அங்கே இருந்தவர்களே வெளியேற நேர்கிறது. சியோல் 2003 முதல் 2005 வரை சியோங்கேசியோன் ஓடையை மூடியிருந்த சாலையையும் அதன் மேலிருந்த உயர்மட்டப் பாலத்தையும் இடித்து, 5.8 கி.மீ. நீளத்துக்கு நீரைத் திரும்ப ஓடவிட்டது. கோடையில் ஓடைப் பகுதி அருகிலுள்ள சாலைகளைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. ஆனால் அந்த நீரில் பெரும்பகுதி இயற்கையாக வருவதில்லை, ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுகிறது. அங்கே வியாபாரம் செய்த நடைபாதைக் கடைக்காரர்கள் அகற்றப்பட்டார்கள். வாடகையைக் கட்டுப்படுத்துவது, மலிவான வீடுகளை முன்கூட்டியே உறுதிசெய்வது எல்லாம் வரைபலகைக்கு வெளியே நடக்க வேண்டியவை. அவை இல்லாமல் நாங்கள் நல்ல தெரு போட்டால் அது ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களுக்கே போய்ச் சேரும்.

இது பணக்கார ஐரோப்பாவின் பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று நினைக்க வேண்டாம். 1971-ல் அங்கே சாலைகளில் 3,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் சாலைகள் மாறத் தொடங்கின. கொலம்பியாவின் பொகோட்டா 1974-லேயே சாலைகளைச் சில மணி நேரம் வண்டிகளுக்கு மூடி மக்களிடம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இன்று ஞாயிறுதோறும் நூறு கி.மீ.க்கு மேல் அப்படித் திறக்கிறார்கள். கட்டுமானமே தேவையில்லை, தடுப்புகளும் தன்னார்வலர்களும் போதும். 2009-ல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையை வண்டிகளுக்கு மூடியபோது முதலில் போட்டது மடக்கு நாற்காலிகளைத்தான். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்ற நிலையில் தொடங்கியதால் பயம் குறைந்தது. என் அனுபவத்திலும் பத்துக் கூட்டங்களில் தீராத வாதம் ஒரு மாதச் சோதனையில் தீர்ந்திருக்கிறது. சோதனை தோற்றதும் உண்டு. தோற்றால் எடுத்துவிட்டோம், காங்கிரீட் போடாததால் பெரிய நஷ்டமில்லை.

அந்த 14 மீட்டர் சந்திப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பச்சையை 18 நொடியாக்கச் சொல்லி எழுதினேன். வண்டி வரிசை நீளும் என்று மறுத்தார்கள். அது பொய்யான காரணமும் அல்ல. நான்கு ஆண்டு கழித்து அந்தச் சாலையைச் செப்பனிட்டபோது வேறு வழி பார்த்தோம். இரண்டு ஓரங்களிலும் வண்டி நிறுத்த விட்டிருந்த 2 மீட்டர் பட்டையை, கடக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையாக நீட்டினோம். ஓடும் வண்டிகளுக்கான வரிசை ஒன்றுகூடக் குறையவில்லை. கடக்க வேண்டிய தூரம் 10 மீட்டராகச் சுருங்கியது. நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் 12.5 நொடி. விளக்கில் நாங்கள் கூட்டியது ஒரே ஒரு நொடி.